மடக்குக் கதவு: திறந்தால் எங்கே போய் நிற்கும்?

மடக்குக் கதவு போடப் போகிறேன் என்று யாராவது சொன்னால், என்ன மரம், என்ன டிசைன் என்று நான் கேட்பதில்லை. திறந்து வைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. கடையிலும் சரி, செல்போனில் வரும் படங்களிலும் சரி, இந்தக் கதவைப் பாதி மடித்த நிலையில்தான் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாதி மடித்த கதவோடு யாரும் குடித்தனம் நடத்துவதில்லை. ஒன்று சாத்தியிருக்கும், இல்லை திறந்திருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் உள்கதவு முக்கால்வாசி நாள் திறந்துதான் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது யார் காலிலும் தோளிலும் இடிக்காமல் ஒதுங்கி நிற்குமா என்பதைப் பார்த்துவிட்டால், எத்தனை மடிப்பு (கீலால் கோத்த பலகைகளைத்தான் மடிப்பு என்கிறேன்), எவ்வளவு அகலம், என்ன ஃபிட்டிங் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறது. மாமனாரின் அப்பா கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம், கூடத்தை ஒட்டிச் சாப்பிடும் அறை, அப்புறம் சமையற்கட்டு, கொல்லை. கூடத்துக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுவே சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். மாமனார் தன் தங்கை கல்யாணத்தின்போது அந்தச் சுவரில் இருந்த சின்ன நிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, மேலே தேக்கு உத்தரம் ஒன்றைக் கொடுத்து, ஏழடிக்கு மேல் அகலமாகத் திறந்துவிட்டார். காரணம் பந்தி. கூடத்தில் ஆரம்பித்துச் சாப்பிடும் அறையின் கடைசிவரை ஒரே வரிசையாக இலை போட வேண்டும், சாம்பார் வாளியோடு வருகிறவர் எங்கும் திரும்பாமல் நேரே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் பொங்கல், வளைகாப்பு, திவசம் என்றால் அந்தத் திறப்புக்குக் குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது.

அப்படிப்பட்ட இடத்தில் கதவு எதற்கு? அத்தைக்கு முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு, பாத்ரூம் பக்கம் என்பதால் அவர் கட்டில் சாப்பிடும் அறைக்கு வந்தது. அங்கே ஏசியும் வந்தது. கூடத்தில் மகள் படிக்கிறாள், இவர் டிவி பார்க்கிறார். முதலில் திரைதான் போட்டிருந்தோம். குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் தேங்கும். அது திரைக்கு அடியில் வழிந்து கூடத்துக்கு வந்து, அங்கிருந்து முற்றத்துக்குப் போய், ஊர் முழுவதையும் குளிரவைக்க முயற்சி செய்துகொண்டிருந்தது. மின்சார பில் வந்ததும் இவரே கதவுப் பேச்சை எடுத்தார். அத்தைக்கு இஷ்டமில்லை. “இருக்கிற கதவையே சாத்த ஆள் இல்ல, இதுல புதுசா ஒண்ணா?” என்றார்.

சாதாரண இரட்டைக் கதவு போட்டால் ஒவ்வொன்றும் மூன்றரை அடி. திறக்கும்போது அந்த மூன்றரை அடியும் அறைக்குள் வீசிக்கொண்டு வரும். அங்கே ஒரு பக்கம் கட்டில், இன்னொரு பக்கம் சாப்பாட்டு மேஜை. தள்ளுகதவு என்றால் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்தாலும் பாதித் திறப்பு எப்போதும் அடைபட்டிருக்கும். பந்திக்கு ஆகாது. சுவரை ஒட்டி வெளிப்புறமாகத் தள்ளிவிடலாம் என்றால் ஒரு பக்கம் சுவர் அலமாரி, மறுபக்கம் மூன்றடிக்குள் மூலை வந்துவிடுகிறது. மிச்சம் இருந்தது மடக்குக் கதவுதான். கடைகளில் தொங்குமே, பிவிசி மடக்குக் கதவு, அதையும் ஒருவர் சிபாரிசு செய்தார். விலையும் கொஞ்சம், எடையும் கொஞ்சம், ஆயுளும் கொஞ்சம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இஷ்டமில்லை.

என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே இதை பைஃபோல்ட் என்று ரெடிமேடாகவே விற்கிறார்கள். வழக்கமான உயரம் 1981 மில்லிமீட்டர், நம் கணக்குக்கு ஆறரை அடி. தடிமன் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர். 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடித் திறப்புக்கு இரண்டு மடிப்பாக வரும். மேலே ஓக் மரத் தகடு ஒட்டியிருக்கும், அல்லது நாமே பெயின்ட் அடித்துக்கொள்ள வெள்ளை பிரைமர் பூசியிருக்கும். அங்கே வீட்டுத் திறப்புகளும் அந்த அளவுகளை ஒட்டியே இருப்பதால் பெட்டியைப் பிரித்து மாட்டிவிடலாம். ஹீட்டர் சூடு போகாமலிருக்க அவள் வீட்டில் கதவு சாத்தியே இருக்கிறது. அவள் அனுப்பிய படங்கள் ஃபிட்டிங்கைப் புரிந்துகொள்ள உதவின. அளவு விஷயத்தில் உதவவில்லை. எங்கள் திறப்பு மேலே ஒரு அகலம், நடுவே ஒரு அகலம், தரையருகே ஒரு அகலம். மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒத்துப்போகாது. பழைய வீட்டில் அகலத்தை மூன்று இடத்தில், உயரத்தை மூன்று இடத்தில் அளந்து, சின்ன அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய நிலைச் சட்டத்தைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நிறுத்தி, சுவரின் கோணலைச் சட்டத்துக்குப் பின்னால் பூச்சில் மறைத்துவிடலாம். எங்களுக்குச் சட்டம் போக உள்ளளவு ஏழடி, 84 அங்குலம்.

இனி எத்தனை மடிப்பு? திருச்சியில் ஒரு ஷோரூமில் நாலு மடிப்பாக வரைந்து கொடுத்தார்கள். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஒவ்வொன்றும் 21 அங்குலம். வரைபடத்தில் லட்சணமாக இருந்தது. ஆனால் ஒரு பக்கத்துக்கு மடிப்பு இரட்டைப்படையாக வந்தால் ஒரு சங்கடம் உண்டு. கடைசி மடிப்பு, மேலே டிராக் என்ற தண்டவாளத்தில் ஓடும் ரோலரில் மாட்டியிருக்கும், அதனால் தனியாகத் திறக்காது. ராத்திரி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுக்க வேண்டுமானாலும் ஜோடியாகத்தான் மடக்க வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் கடைசி மடிப்பு சாதாரணக் கதவாக வீசித் திறக்கும். தினமும் போக வர இருக்கும் இடத்துக்கு ஒற்றைப்படைதான். அலமாரிக்கு இரட்டைப்படை போதும்.

அகலம் வேறு கதை. புடவைக் கொசுவம் மாதிரிதான் இது: சின்னதாக மடித்தால் எண்ணிக்கை கூடும், இடுப்பில் கனம் சேரும், பெரிதாக மடித்தால் எண்ணிக்கை குறையும், முன்னால் துருத்தும். கதவை முழுக்க மடித்தால் ஒரு மடிப்பின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை மடிப்போ அத்தனை தடிமன் திறப்பின் அகலத்தைத் தின்னும். இதைக் கடையில் யாரும் தாமாகச் சொல்லவில்லை. காட்சிக்கு நின்ற கதவை முழுசாக மடக்கிக் காட்டச் சொன்னேன். 21 அங்குலம் நடைபாதையில் நின்றது. இருட்டில் போனால் தோளில் இடிக்கும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது: சுவரின் தடிமன். எங்கள் சுவர் 18 அங்குலம். கதவைக் கூடத்துப் பக்க விளிம்பில் நிறுத்தி, 18 அங்குல மடிப்புகளாகச் செய்து, உட்பக்கமாக மடித்தால் முழுக்கதவும் சுவரின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். கூடத்துக்கும் துருத்தாது, அறைக்கும் துருத்தாது. ஆனால் 18 அங்குலக் கதவில் தினமும் போய்வர முடியுமா? அத்தையின் வாக்கரே இடிக்கும். சாப்பாட்டுத் தட்டோடு ஒருக்களித்து நடக்க வேண்டும். இரண்டரை அடிக்குக் குறைந்தால் கஷ்டம்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் தச்சு ஆசாரியார்தான். “எல்லா மடிப்பும் ஒரே அகலமா இருக்கணும்னு யாரும்மா சட்டம் போட்டது?” என்றார். சேர்ந்து மடிகிறவைதான் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மறுபக்க நிலையில் தனியாகத் தொங்கும் கதவு எந்த அகலத்திலும் இருக்கலாம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே எழுதினார்: மூன்று மடிப்பு, தலா 18, ஆக 54. 84-இல் 54 போனால் 30. இரண்டரை அடி! ஒற்றைக் கதவு கூடத்துப் பக்கம் திறந்து, மூலைச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிடும். மற்ற மூன்றும் உட்பக்கம் மடிந்து சுவருக்குள் போய்விடும். ஒண்ணே கால் அங்குலப் பலகை மூன்றும், கீலுக்கான இடைவெளியும் சேர்ந்து ஐந்து அங்குலத்துக்குள். பந்தியன்று ஆறரை அடி கிடைக்கும். நாலு கதவும் சம அகலத்தில் இல்லாததால் சாத்தியிருக்கும்போது கொஞ்சம் ஒருபக்கமாகத் தெரியும் என்று மகள் சொன்னாள். தெரியட்டும்.

புது வீடுகளில் சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம்கூட. அங்கே மடித்த கதவு வெளியே துருத்தத்தான் செய்யும். துருத்தும் இடத்தில் நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்: பீரோவின் பக்கவாட்டு, ஜன்னலுக்குக் கீழே, மூலை. அதைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, சில நாள் அப்படியே நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூட்டுறவு சங்கத்தில் குறுவைக் கடன் வேலை தலைக்கு மேல் இருந்ததால் நான் ஆவணி வரை தள்ளிப்போட்டேன். ஆவணியில் முகூர்த்தமும் புதுமனைப் புகுவிழாவும் என்று ஆசாரியார் கிடைக்கவில்லை. ஒருவழியாக அவர் வந்த அன்று மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உத்தரத்தின் இரு முனையிலும் ஒரு அங்குலம் கீழே தள்ளி ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டினார். ஏணியை நடுவுக்கு நகர்த்தி, நூலுக்கும் உத்தரத்துக்கும் இடையே அளவுகோலை நிறுத்தி, “நீங்களே பாருங்கம்மா” என்றார். முனையில் ஒரு அங்குலமாக இருந்த இடைவெளி நடுவில் அரை அங்குலம்தான். உத்தரம் அரை அங்குலம் தொய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. “மேல சுவரையும் மாடியையும் அத்தனை வருஷமா சுமக்குது, தொய்யாம என்ன செய்யும்” என்றார், ஏதோ உத்தரத்துக்காக வாதாடுகிறவர் போல.

சாதாரணக் கதவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தொங்கி ஓடும் மடக்குக் கதவுக்கு எல்லாமே இதுதான். டிராக்கை உத்தரத்தில் நேராகத் திருகிவிட்டால் அதுவும் உத்தரத்தோடு சேர்ந்து வளையும். நடுவுக்கு வரும்போது கதவின் அடி தரையை உரசும், அங்கிருந்து ஓரத்துக்கு ஏற மறுக்கும். ஆறு மாதத்தில் கதவு மோசம் என்று எல்லோரும் சொல்வார்கள். கதவு பாவம், என்ன செய்யும்? ஆசாரியார் உத்தரத்துக்குக் கீழே தனியாக ஒரு மேல்சட்டம் கொடுத்து, இடைவெளிகளில் ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து இறுக்கினார். டிராக் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தொய்ந்தாலும் இடம் இருக்க வேண்டும் என்று நடுவில் விரல்கடை விட்டு, முன்னால் ஒரு ரீப்பர் அடித்து மறைத்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு யாராவது உள்சுவரை உடைத்துப் பெரிய திறப்பு விட நினைத்தால், முதலில் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தூண் எழுப்பாமல் சுவரையே நம்பிக் கட்டிய வீடுகள் நம் பக்கம் ஏராளம். மேலே என்ன நிற்கிறது என்று தெரியாமல் உடைக்கக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் டிராக்கைத் திருகுகிறேன் என்று யாராவது சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஃபிட்டிங் வாங்கும்போது கேட்க வேண்டியது, எடை எங்கே இறங்குகிறது என்பது. சின்ன இரண்டு மடிப்புக் கதவுகளில் நிலையோரம் மேலும் கீழும் பிவட் இருக்கும். எடை கீழ்ப் பிவட்டில் இறங்கும், மேல் டிராக் வெறும் வழிகாட்டி. எங்கள் வாசல் கதவுக்குக் கீலே கிடையாது. கதவோடு சேர்ந்த குடுமி மேலும் கீழும் குழிக்குள் நின்று சுழலும். பிவட்டும் அதே வேலைதான். பெரிய கதவுகளில் எடை மேலே ரோலரில் தொங்கும். அங்கே ஒரு ரோலர் எத்தனை கிலோ தாங்கும் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். எங்கள் 18 அங்குல மடிப்பு ஒன்று கண்ணாடியோடு 15 கிலோவை நெருங்குகிறது. மூன்றில் முதல் மடிப்பு நிலைக் கீலில் தொங்குகிறது, அடுத்த இரண்டின் பாரம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் ரோலர் மேல். அதனால் கணக்குக்குச் சரியாக இல்லாமல் ஒரு படி கூடுதலாகத் தாங்குவதை வாங்கினோம். ஹெட்டிக், ஹஃபெலே, எப்கோ என்று பல கம்பெனிகள் விற்கின்றன. ஹார்டுவேர் கடையில் ஃபோல்டிங் டோர் ஃபிட்டிங் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். விலை கேட்டதும் இவர் கால்குலேட்டரை எடுத்தார். எடுத்தவர் அதைத் திரும்ப வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கதவில் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கண்ணாடியில் குறைக்கலாம், பாலிஷில் குறைக்கலாம், ரோலரில் வேண்டாம்.

தரையில் தடம் வேண்டுமா என்பது அடுத்த தகராறு. எங்கள் கூடத்துத் தரை பழைய சிவப்பு ஆக்சைடு. ஒருமுறை வெட்டினால் அந்த நிறத்தில், அந்த வழவழப்பில் திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். தவிர, தரைத் தடத்தில் கோலமாவும் தலைமுடியும் சோற்றுப் பருக்கையும்தான் சேரும். வாக்கரின் கால் வேறு மாட்டும். மடிப்பு குறைவாக இருந்து, கீல்கள் அழுத்தமாக இருந்தால் தரைத் தடம் இல்லாத வகை உண்டு. அதைத்தான் போட்டோம். இணைப்புக்கு மூன்று கீல், எல்லாம் எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகு. சாத்தும்போது கதவு ஆடாமலிருக்க மூன்றாவது மடிப்பின் அடியில் தாழ்ப்பாள், தரையில் அதற்கு ஒரே ஒரு துளை, துளைக்குள் பித்தளைக் கிண்ணி. ஆக்சைடு தரையில் அந்த ஒரு துளையைப் போட ஆசாரியார் ஒரு காலைப் பொழுதையே எடுத்துக்கொண்டார். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் இருக்கிறவர்கள் கடற்காற்றை நினைத்து வெறும் இரும்புக் கீல் பக்கமே போக வேண்டாம்.

மரத்துக்கு வருகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பா வீட்டுத் தோப்பில் தென்னைகளோடு வரப்போரத் தேக்கும் சாய்ந்தது. அப்பா அதை அறுத்து, பலகைக்குப் பலகை ரீப்பர் கொடுத்து, மாட்டுக் கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கி வைத்திருந்தார். ஆசாரியார் ஒவ்வொரு பலகையாகத் திருப்பிப் பார்த்து, வைரம் பாய்ந்ததை மட்டும் தனியே எடுத்தார். ஓரத்து வெள்ளையை ஈவு இரக்கமில்லாமல் அறுத்துத் தள்ளினார். அதில்தான் பூச்சி விழும். கிட்டத்தட்ட கால்வாசி அப்படிப் போனது. அப்பாவுக்கு வருத்தம்தான், வாய் திறக்கவில்லை.

நல்ல மரமே ஆனாலும் டெல்டாவில் மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும், மரம் அதைக் குடித்து உப்பும். நீளவாக்கில் உப்பாது, அகலவாக்கில்தான். ஒற்றைக் கதவு இரண்டு மில்லிமீட்டர் உப்பினால் இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம். நாலு கதவு ஒரே வரிசையில் நிற்கும்போது நாலின் உப்பலும் கூட்டிக்கொண்டு வந்து கடைசிக் கதவில் நிற்கும். எட்டு மில்லிமீட்டர் என்றால் கதவு சாத்தவே சாத்தாது. அதனால் முழுப்பலகையாகச் செய்யக் கூடாது. சட்டம் பூட்டி, சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைக் காடிக்குள் பசை போடாமல் மிதக்க விட வேண்டும். நடுப்பலகை காடிக்குள்ளேயே உப்பிச் சுருங்கிக்கொள்ளும். வெளியளவை மாற்றுவது நிமிர்ந்து நிற்கும் சட்டங்கள் மட்டும்தான். எங்கள் சட்டம் மூன்று அங்குலம், நாலு கதவுக்கு எட்டுச் சட்டம். 84 அங்குலத்தில் 24 அங்குலம்தான் உப்பக்கூடிய மரம்.

எந்த மாதத்தில் மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். சித்திரையில் மரம் சுருங்கி இருக்கும்போது மாட்டினால் இடைவெளி தாராளமாக விட வேண்டும். கார்த்திகையில் உப்பி இருக்கும்போது மாட்டினால் இறுக்கமாக விடலாம், கோடையில் தானாக இளகும். எங்களுடையது புரட்டாசி, இரண்டுக்கும் நடுவே. கதவுக்குக் கதவு மூன்று மில்லிமீட்டர் விட்டார். மாட்டுவதற்கு முன்னால் ஆறு பக்கமும் பாலிஷ். கதவின் தலையும் அடியும் கண்ணுக்குத் தெரியாது என்று பாலிஷ்காரர்கள் விட்டுவிடுவார்கள். ஈரம் முதலில் ஏறுவதே அந்த வெட்டுமுனையில்தான். நின்று பார்த்துச் செய்யச் சொன்னேன்.

வீட்டில் மரம் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக. ஃப்ளஷ் டோர் (இருபுறமும் வழவழப்பான தட்டைக் கதவு) என்றால் ஐஎஸ் 2202, பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை பாருங்கள். ஐஎஸ் 303 கொஞ்சம் மலிவு, ஆனால் ஈரம் படும் இடத்துக்கு 710-தான். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தண்ணீர் பட்டால் ஊதிவிடும், வீட்டைக் கழுவி விடும் பழக்கம் உள்ளவர்கள் அதை மறந்துவிடுங்கள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகைக்குக் கரையானும் இல்லை, தண்ணீரும் பயமில்லை, ஆனால் ஸ்குரூ பிடிப்பு தேக்கு அளவுக்கு வராது. மடக்குக் கதவில் பாரம் முழுவதும் ஸ்குரூவில்தானே நிற்கிறது? பழைய கதவுகளை வாங்கி மடக்குக் கதவாக்குவது இப்போது ஒரு மோகம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய் நின்றால் எனக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இரண்டு அங்குலத் தடிமன் கதவுகள் நாலை ஒரு டிராக்கில் தொங்கவிட்டால் ரோலர் அழுதுவிடும். அவற்றை வாசலுக்கு வையுங்கள்.

மேல்பாதிக்குக் கண்ணாடி என்பது ஆரம்பத்திலேயே முடிவு. முற்றத்து வெளிச்சம் கூடம் வழியாகத்தான் உள்ளே வருகிறது. முழுக்க மரத்தால் அடைத்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஆள் தெரியாமல் வெளிச்சம் மட்டும் வரும் கோடு போட்ட கண்ணாடி எடுத்தோம், ஐந்து மில்லிமீட்டர், டஃபன் செய்தது, அதாவது சூடாக்கி வலுவேற்றியது. டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, முயன்றால் பொடிப் பொடியாக உதிரும். அதனால் சட்டம் பூட்டி முடித்தபின் அளவெடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கண்ணாடியின் எடையைச் சுலபமாகக் கணக்கிடலாம்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, இரண்டரை கிலோ. எங்கள் ஒரு அடி அகலம், மூன்றடி உயரக் கண்ணாடி ஒன்று மூன்றரை கிலோ. எட்டு மில்லிமீட்டர் போடுங்கள், கனமாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். கனமாகத்தான் இருக்கும்.

கைப்பிடியில் ஒரு சூட்சுமம். மடிப்புகளுக்கு நடுவே குமிழ்ப் பிடி வைத்தால் அந்தக் குமிழ் அடுத்த மடிப்பில் இடித்து, கதவு முழுசாக ஒட்டி மடியாது. ஐந்து அங்குலத்தில் அடங்க வேண்டியது எட்டு அங்குலம் ஆகிவிடும். மரத்தைக் குடைந்து பதிக்கும் குழிப்பிடிதான் சரி. ஒற்றைக் கதவுக்கு மட்டும் பழைய பித்தளைப் பிடியைப் போட்டுக்கொண்டோம். மடியும் இடத்தில் விரல் மாட்டும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. குழந்தைகள் வரும் நாளில் மடித்த கதவைக் கொக்கி போட்டுச் சுவரோடு கட்டிவிடுகிறோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது கதவு எம்மாத்திரம், அதற்கும் அந்தக் கொக்கிதான்.

சத்தத்தைத் தடுக்குமா என்று கேட்கிறார்கள். நாலு கதவு என்றால் இடுக்குகளும் பல. இடுக்குகளை அடைக்க பிரஷ் பட்டை ஒட்டியிருக்கிறோம், ஏசி குளிர் நிற்கிறது. மகள் பாடத்தை முணுமுணுப்பது உள்ளே கேட்பதில்லை. இவர் பார்க்கும் செய்தி விவாதம் நன்றாகவே கேட்கிறது. அத்தை இப்போது உள்ளே இருந்தபடியே பதில் சொல்கிறார்.

நாத்தனார் தன் வீட்டுச் சமையற்கட்டுக்கு இதேபோல் போடலாமா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்றேன். தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் டிராக்கில் ஏறினால் ரோலர் இறுகிவிடும். இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது முழங்கையால் தள்ளித் திறக்கிற கதவுதான் சமையற்கட்டுக்கு வேண்டும். அவள் வீட்டுப் பூஜை அலமாரிக்கு வேண்டுமானால் இரண்டு மடிப்பு அருமையாக இருக்கும், பிவட் செட்டே போதும், விலையும் பெரிதில்லை. சுவர் ஒன்பது அங்குலம் என்பதால் மடிப்பும் ஒன்பது அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள், உள்ளே விளக்கு எரியும்போது கதவு முழுசாகத் திறந்தே இருக்க வேண்டும், திரிக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி, மூன்று இடத்தில் அளவெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நேற்று அனுப்பினாள், ஒரே ஒரு அளவு.